பிழை எங்கே நுழைகிறது? மருத்துவத் தகவல் அமைப்புகளின் தரவுத் தரம்: ஓர் எளிய அறிமுகம்

ஒரு மருத்துவமனை மென்பொருளைத் திறந்து, நோயாளிகளைப் பிறந்த தேதிவாரியாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர்கள் வேறு எந்த நாளில் பிறந்தவர்களைவிடவும் பல மடங்கு இருப்பார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வந்தவருக்குத் தன் வயது ஏறக்குறையத் தெரியும், தேதி தெரியாது. பதிவு மேசையில் இருப்பவர் வயதைக் கேட்டு, நடப்பு ஆண்டிலிருந்து கழித்துப் பிறந்த ஆண்டைக் கண்டுபிடிக்கிறார். நாளும் மாதமும் இல்லாமல் அடுத்த திரைக்குப் போக முடியாது என்பதால் 01-01 என்று போட்டு நகர்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது.

இந்தப் பிழைக்குப் பொறுப்பு யார்? பதிவு மேசையில் இருப்பவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் தீராது. 'வயது தோராயமானது' என்று குறிக்க ஒரு கட்டமும், ஆண்டை மட்டும் ஏற்கும் வசதியும் திரையில் இருந்தால் தீர்ந்துவிடும். தரவுத் தரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிழைகளில் பெரும்பகுதி கவனக்குறைவால் வருவதில்லை. படிவம், நேரம், வேலைப் பளு ஆகியவற்றால் வருகிறது. கடைசியில் உட்கார்ந்து தரவைச் 'சுத்தம்' செய்வதைவிட, முதலில் எழுதப்படும் இடத்தைச் சரிசெய்வது மலிவு. பலனும் அதில்தான் நிலைக்கும்.

தரம் என்றால் என்ன

எந்த வேலைக்குப் பயன்படப் போகிறதோ அந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தால் அது தரமான தரவு. ஒரு பகுதியில் மொத்தம் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் என்று திட்டமிட, வயதில் ஓரிரு ஆண்டு பிசகினால் பெரிய கேடில்லை. அதே பதிவை வைத்துக் குழந்தைக்கு மருந்தளவு கணக்கிடும்போது, எடையில் 2 கிலோ பிசகு ஆபத்து. ஆகவே 'எங்கள் தரவு 95 சதவீதம் சரி' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. எந்தத் தகவல், யாருக்காக, எந்த முடிவுக்காக என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தரத்தை அளக்க வழக்கமாகப் பார்ப்பவை சில. தகவல் முழுமையாக இருக்கிறதா, உரிய நேரத்தில் வந்ததா, உண்மையோடு பொருந்துகிறதா, ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் மறுக்கிறதா, ஒரே ஆள் இரண்டு முறை இருக்கிறாரா என்பவை அவை. இவற்றில் முழுமையை அளப்பது எளிது என்பதால் பல அமைப்புகள் அதோடு நின்றுவிடுகின்றன. 100 நிலையங்கள் அறிக்கை அனுப்ப வேண்டும், 92 வந்தன என்றால் முழுமை 92 சதவீதம். ஆனால் அந்த 100-இல் மூடப்பட்ட நிலையங்கள் எத்தனை, புதிதாகத் திறந்தும் பட்டியலில் சேராதவை எத்தனை என்று பார்க்காவிட்டால் அந்தச் சதவீதமே பிழை. நிலையங்களின் பட்டியலைப் புதுப்பிப்பது சலிப்பூட்டும் வேலைதான். அதைத் தவிர்த்துவிட்டு மேலே கட்டும் கணக்கு எதுவும் நிற்காது.

முழுமையில் இன்னொரு சிக்கல், வெற்றுக் கட்டமும் சுழியமும். மலேரியா நோயாளி யாரும் வரவில்லை என்றால் 0 எழுத வேண்டும். அறிக்கை நிரப்பப்படவில்லை என்றால் கட்டம் காலியாக இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் டிஎச்ஐஎஸ்2 மென்பொருளில், குறிப்பிட்ட தரவுக் கூறுக்கு 'சுழியத்தையும் சேமி' என்று தனியாக அமைத்தால்தான் 0 சேமிக்கப்படும். அமைக்காமல் விட்டால், சிரத்தையாக 0 எழுதிய செவிலியரும் ஒன்றும் எழுதாதவரும் அறிக்கையில் ஒரே மாதிரி தெரிவார்கள்.

ஓர் எண்ணின் பயணம்

மாத அறிக்கையில் உள்ள ஓர் எண் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். நோயாளியின் அட்டை, பிறகு பதிவேடு, பிறகு கோடு போட்டு எண்ணும் தாள், பிறகு மாதாந்திரப் படிவம், பிறகு கணினி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பிழை நுழையலாம். முழுக்கக் கணினிமயமான இடத்தில் படிகள் குறைவு. ஆனால் ஆய்வக மென்பொருள், மருந்தக மென்பொருள், கட்டண மென்பொருள் என்று அவை தமக்குள் தரவை அனுப்பிக்கொள்ளும் இடங்கள் கூடுகின்றன.

இதைச் சோதிக்கும் மிக நம்பகமான வழி மறு எண்ணிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் தரவுத் தர மதிப்பாய்வு முறையிலும் இதற்கு முக்கிய இடமுண்டு. ஒரு நிலையத்துக்குப் போய், ஒரு காலாண்டின் பதிவேட்டை எடுத்து, ஒரு தகவலை மட்டும் நாமே எண்ண வேண்டும். எண்ணியதை, அந்த நிலையம் அறிக்கையில் சொன்னதால் வகுக்க வேண்டும். அறிக்கை 460 பேர் என்கிறது, பதிவேட்டில் 391 பேர்தான் என்று வைத்துக்கொள்வோம். 391-ஐ 460-ஆல் வகுத்தால் 0.85. ஒன்றுக்குக் குறைந்தால் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றைத் தாண்டினால் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். இந்த நிலையத்தின் வித்தியாசம் 15 சதவீதம், ஆகவே ஆராய வேண்டியது.

இதைக் காலாண்டு மொத்தத்துக்கு மட்டும் செய்தால் ஏமாந்துபோவோம். ஒரு மாதம் 40 கூடுதலாகவும் அடுத்த மாதம் 40 குறைவாகவும் எழுதியிருந்தால் மொத்தத்தில் 1.0 வந்து எல்லாம் சரியென்று தோன்றும். மாதம் மாதமாக, நிலையம் நிலையமாகப் பார்க்க வேண்டும்.

வகுத்து வந்த எண் வெறும் அறிகுறி. காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. வழக்கமாகக் கிடைப்பவை இவை: மறுமுறை வந்தவரைப் புதிய நோயாளியாக எண்ணியிருப்பார்கள். பதிவேட்டின் கடைசிப் பக்கம் விட்டுப்போயிருக்கும். அறிக்கை மாதம் 25-ஆம் தேதியோடு முடியும், எண்ணுபவரோ நாட்காட்டி மாதத்தை எண்ணியிருப்பார். ஒரே சேவைக்கு இரண்டு பதிவேடுகள் இருக்கும், ஒன்று மட்டும் எண்ணப்பட்டிருக்கும். வெளியூர் முகாமில் போட்ட தடுப்பூசி முகாம் நோட்டில் இருக்கும், நிலையப் பதிவேட்டுக்கு வந்திருக்காது. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. 'கவனமாக இருங்கள்' என்ற சுற்றறிக்கை இவற்றில் எதற்கும் தீர்வாகாது.

பதிவேடே பிழையாக இருந்தால்? அதற்கும் ஒரு சோதனை உண்டு. பதிவேட்டில் கண்ணை மூடித் தொட்டதுபோல் சில பெயர்களை எடுத்து அவர்களின் அட்டையைத் தேடுங்கள். பிறகு சில அட்டைகளை எடுத்துப் பதிவேட்டில் தேடுங்கள். முதல் சோதனை இல்லாதவரை எழுதியிருப்பதையும், இரண்டாவது இருப்பவரை விட்டிருப்பதையும் காட்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பாதிதான் தெரியும்.

மேசையில் இருந்தே பிடிக்கக்கூடியவை

எல்லா நிலையங்களுக்கும் போக முடியாது. எங்கே போவது என்று முடிவுசெய்ய, வந்த எண்களுக்குள்ளேயே முரண் தேடலாம். பரிசோதனை செய்தவர்களைவிட நோய் உறுதியானவர்கள் அதிகமாக இருக்க முடியாது. ஒரு தடுப்பூசியின் முதல் தவணையைவிட மூன்றாம் தவணை ஆண்டுக் கணக்கில் அதிகமாக இருந்தால் பெரும்பாலும் பதிவுக் கோளாறு. சிறிய நிலையத்தில் ஒரே ஒரு மாதம் அப்படி வந்தால் அது இயல்பாகவும் இருக்கலாம். குடிபெயர்ந்து வந்த குழந்தைகள் மூன்றாம் தவணையை அங்கே போட்டிருப்பார்கள். பிரசவங்களைவிட உயிரோடு பிறந்த குழந்தைகள் சற்று அதிகமாக இருந்தால் அதுவும் பிழையல்ல, இரட்டைக் குழந்தைகள் உண்டு. விதிகளை மென்பொருளில் எழுதும்போது இத்தகைய விலக்குகளை யோசிக்காமல் எழுதினால், எச்சரிக்கை மழை பொழியும். மூன்றாம் வாரத்திலிருந்து யாரும் படிக்காமலே மூடிவிடுவார்கள்.

வழக்கத்துக்கு மாறான எண்ணைப் பிடிக்க, சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கம் தாண்டியவற்றைத் தேடுவார்கள். எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவே திட்டவிலக்கம். மாதத் தரவுக்கு இதில் ஒரு குழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஒரு நிலையத்தின் பத்து மாத எண்ணிக்கை 38, 41, 40, 43, 39, 42, 37, 44, 40, 400 என்று வைத்துக்கொள்வோம். கடைசி எண்ணில் ஒரு சுழியம் கூடிவிட்டது, குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த 400 சராசரியை 76-க்கும் திட்டவிலக்கத்தைச் சுமார் 114-க்கும் இழுத்துவிடுகிறது. கணக்கிட்டால் 400 நிற்கும் தூரம் சுமார் 2.85 திட்டவிலக்கம்தான். மூன்றைத் தொடவில்லை, எச்சரிக்கை வரவில்லை. 400-க்குப் பதில் 4,00,000 என்று போட்டாலும் வராது. பத்து எண்கள் கொண்ட தொகுப்பில் எந்த எண்ணும் 2.85-ஐத் தாண்ட முடியாது என்பது கணிதம். இதற்குச் சராசரியை விட்டு, எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணைப் பயன்படுத்த வேண்டும். இங்கே இடைநிலை 40.5. ஒவ்வோர் எண்ணும் அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று எடுத்து, அந்தத் தூரங்களின் இடைநிலையைக் கண்டால் 2. சந்தேக எண்ணின் தூரத்தை 0.6745-ஆல் பெருக்கி இந்த 2-ஆல் வகுத்து, 3.5-ஐத் தாண்டினால் கொடியிட வேண்டும். 400-க்கு வரும் விடை 121.

தனிநபர் தரவில் வேறு தடயங்கள். ரத்த அழுத்தப் பதிவுகளின் கடைசி இலக்கத்தை எண்ணுங்கள். பழைய பாதரசக் கருவியில் அளவுகோடு இரண்டிரண்டாக ஏறும். ஆகவே 0-இல் முடிபவை ஐந்தில் ஒரு பங்கு இருக்கலாம். மின்னணுக் கருவியானால் பத்தில் ஒரு பங்கு. முக்கால்வாசி 0-இல் முடிந்தால் யாரோ முழுமைப்படுத்தி எழுதுகிறார்கள், அல்லது அளக்காமலே 120/80 எழுதுகிறார்கள். வயதை 0, 5-இல் முடியுமாறு முழுமைப்படுத்திச் சொல்லும் சாய்வை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5-இல் முடியும் வயதினரின் எண்ணிக்கையை 500-ஆல் பெருக்கி, அந்த வயது வரம்பின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். 100 வந்தால் சாய்வில்லை. எல்லோரும் 0, 5-ஆகவே சொல்லியிருந்தால் 500 வரும்.

தரவு அளவுக்கு மீறி அழகாக இருப்பதும் சந்தேகத்துக்குரியது. மாதாமாதம் ஒரே எண், ஒரு கட்டம்கூடக் காலியில்லாத ஆயிரம் பதிவுகள் இவற்றைப் பார்த்தால் பாராட்டுக் கடிதம் எழுதும் முன் நேரில் போய்ப் பாருங்கள்.

ஒருவர் இருவராவதும், இருவர் ஒருவராவதும்

ஒரே நோயாளிக்கு இரண்டு கோப்புகள் இருந்தால், ஒன்றில் எழுதிய பெனிசிலின் ஒவ்வாமை இன்னொன்றைத் திறப்பவருக்குத் தெரியாது. இது எல்லோரும் அறிந்த சிக்கல். இதைவிடக் கொடியது, இரண்டு ஆட்களின் விவரம் ஒரே கோப்பில் கலப்பது. இரட்டைக் கோப்பைப் பிறகு இணைத்துவிடலாம். கலந்ததைப் பிரிப்பது பெரும்பாடு, எந்த ரத்தப் பரிசோதனை யாருடையது என்று சொல்ல முடியாமலே போகலாம். எனவே இணைக்கும் மென்பொருளை அமைக்கும்போது, சந்தேகம் வந்தால் இணைக்காதே என்ற பக்கம் சாய்வதே சரி. செய்த இணைப்பைத் திரும்பப் பிரிக்கும் வசதியும் கட்டாயம் வேண்டும்.

ஒரே ஆளா என்று கண்டுபிடிக்கப் பெயர், பிறந்த தேதி, பாலினம், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றை ஒப்பிடுவார்கள். எல்லாம் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்றால், 'முகமது' ஒருமுறையும் 'முஹம்மது' ஒருமுறையும் எழுதப்பட்டவர் இருவராகிவிடுவார். அதனால் நிகழ்தகவு அடிப்படையில் மதிப்பெண் போடும் முறை வந்தது. அதன் கணித அடித்தளத்தை ஃபெல்லகி, சன்டர் இருவரும் 1969-இல் வகுத்தார்கள். கருத்து எளிது. தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு எவ்வளவு குறைவோ, அவ்வளவு மதிப்பெண். பாலினம் பொருந்தினால் பெரிதாக ஒன்றும் நிரூபணமாகாது. பாதிப் பேருக்குப் பொருந்தும். முழுப் பிறந்த தேதி பொருந்துவது வலுவான சான்று. 70 ஆண்டுகளில் 25,000-க்கும் மேற்பட்ட நாட்கள் உள்ளன. ஜனவரி 1 பிறந்தநாள்கள் குவிந்த தரவுத்தளத்தில் இந்தச் சான்று செத்துப்போகிறது. அங்கே 01-01 தேதிகளுக்கு ஆண்டின் மதிப்பெண்ணை மட்டுமே தர வேண்டும்.

கூட்டிய மதிப்பெண் மேல் எல்லையைத் தாண்டினால் ஒரே ஆள், கீழ் எல்லைக்குக் கீழே போனால் வேறு ஆள், நடுவில் விழுபவற்றை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த நடு வேலைக்கு ஆள் ஒதுக்காமல் மென்பொருளை மட்டும் வாங்குவது பரவலான தவறு. எந்த முறையையும் திணறடிப்பவர்கள் இரட்டையர்கள்: அதே தேதி, அதே பெற்றோர், அதே தொலைபேசி, பெயரிலும் ஓரெழுத்துதான் வித்தியாசம். பெயர் வைக்காத பச்சிளங்குழந்தைகளும் அப்படியே. தாயின் பெயரோடு 'குழந்தை' என்று பதிந்தால் அடுத்த பிரசவத்துக் குழந்தையோடு குழம்பும். பிறப்பு வரிசை எண்ணையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

பெயர்க் கட்டத்தைப் பற்றி ஒரு சொல். குடும்பப் பெயரே வைத்துக்கொள்ளாத மக்களிடம் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினால் அங்கே ஒரு புள்ளியோ, முன்னெழுத்தோ, முதற்பெயரே மறுபடியுமோ வந்து உட்காரும். அப்புறம் அந்தப் புள்ளியை வைத்து மென்பொருள் ஆட்களைப் 'பொருத்தும்'.

நோயாளி எண்ணைக் கையால் தட்டுவதாக இருந்தால் அதன் கடைசியில், மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றைச் சேர்ப்பது செலவில்லாத காப்பு. அதைக் கணக்கிடும் முறைகளில் ஒன்றான லுன் முறை, ஓர் இலக்கம் மாறினால் கட்டாயம் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், 09, 90 என்ற ஜோடியைத் தவிர, பிடித்துவிடும். 1969-இல் வந்த வெர்ஹூஃப் முறை அந்த ஜோடியையும் விடாது.

அலகுகளும் குறியீடுகளும்

ரத்தச் சர்க்கரை 10 என்று ஒரு பதிவு. மில்லிமோல்/லிட்டர் என்றால் அது 180 மி.கி./டெசிலிட்டர், கூடுதல் சர்க்கரை. மி.கி. கணக்கில் 10 என்றால் உயிருக்கே ஆபத்தான தாழ்நிலை. 18-ஆல் பெருக்க வேண்டியதைப் பெருக்காமல் இரண்டு ஆய்வகங்களின் முடிவுகளை ஒரே வரைபடத்தில் போட்டால், நோயாளி ஒரே நாளில் குணமானதுபோல் தெரியும். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினினை மி.கி./டெசிலிட்டரிலிருந்து மைக்ரோமோல்/லிட்டருக்கு மாற்றப் பெருக்கு எண் 88.4. எண்ணோடு அலகைத் தனிக் கட்டத்தில் சேமிக்க வேண்டும். குறிப்புப் பகுதியில் எழுதினால் கணினிக்குத் தெரியாது. பரிசோதனைகளுக்குப் பொதுவான அடையாளம் தர லாயின்க் குறியீடு இருக்கிறது. ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-இல் தொடங்கியது. நோய்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி வகைப்பாடு. அதன் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 10-ஆம் பதிப்பும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்தே சேமிக்க வேண்டும்.

இறப்புக் காரணத்தில் பிழை அதிகம். 'இதயம் நின்றது' என்று எழுதுவதால் ஒன்றும் விளங்காது. எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்கிறது. சான்றிதழின் முதல் பகுதியில் மேல் வரியில் உடனடிக் காரணம், அதன் கீழே அதற்குக் காரணமானது என்று இறங்கி, கடைசி வரியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அடிப்படை நோயை எழுத வேண்டும். புள்ளிவிவரத்துக்குப் போவது அந்த அடிப்படை நோய்தான்.

தரவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது அனுப்பிய வரிகளும் வந்த வரிகளும் சமமா என்று எண்ணுவதை மறக்கக் கூடாது. 2020-இல் இங்கிலாந்தில் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனா தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் விடுபட்டார்கள். தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணிக்கும் அந்த விவரம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. காரணம், 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் கோப்பு வடிவம். இரண்டு பக்கமும் வரிகளை எண்ணி ஒப்பிடும் ஒரு சிறு கட்டளை இதை அன்றைக்கே காட்டியிருக்கும்.

திரையை எப்படி அமைப்பது

தடுப்பதா, எச்சரிப்பதா என்பதுதான் இங்கே முக்கியத் தேர்வு. நடக்கவே முடியாததைத் தடுக்கலாம்: நாளைய தேதியில் பிறந்தவர், 370 டிகிரி உடல் வெப்பம். அரிதானதை எச்சரித்துவிட்டு ஏற்க வேண்டும்: 180 கிலோ எடை, 104 வயது. அரிதானதையும் தடுத்தால் பதிபவர் திரை ஏற்கும் ஏதோ ஓர் எண்ணைப் போடுவார், அந்தப் பொய்யைப் பிறகு எவராலும் கண்டுபிடிக்க முடியாது. காலிக் கட்டமாவது காலி என்று சொல்லும்.

தேர்வுப் பட்டியலில் முதலில் இருப்பது அளவுக்கு மீறித் தேர்வாகிறது என்றால் அதை முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், நீக்குங்கள். 'மற்றவை' பெருகினால் பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது. 'தெரியவில்லை', 'கேட்கவில்லை' இரண்டும் தனித்தனியே இருக்கட்டும்.

இவற்றையெல்லாம்விடப் பலன் தருவது கட்டங்களைக் குறைப்பது. ஒவ்வொரு கட்டத்துக்கும், இதை யார் எந்த முடிவுக்காகப் பார்க்கிறார் என்று கேளுங்கள். பதில் இல்லாத கட்டத்தை எடுத்துவிடுங்கள். நடைமுறையில் இதற்கு எதிர்ப்பு வரும். எப்போதாவது தேவைப்படும் என்பார்கள். அந்த 'எப்போதாவது' கட்டங்கள்தான் தேவையான கட்டங்களுக்கான நேரத்தைத் தின்கின்றன.

எழுதியவருக்கே அவருடைய தரவு திரும்பி வர வேண்டும். மாத அறிக்கையை மேலே அனுப்பும் செவிலியருக்கு, தன் நிலையத்தில் தவணை தவறிய குழந்தைகளின் பட்டியல் அதே அமைப்பிலிருந்து கிடைத்தால், பிறந்த தேதியைச் சரியாக எழுத அவருக்கே காரணம் பிறக்கிறது. எண்ணிக்கையைப் பணத்தோடோ தண்டனையோடோ கட்டினால் எண் அந்தப் பக்கம் வளையும். அப்படிக் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், எண்ணுபவரும் சரிபார்ப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும்.

தொடங்குபவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கையில் எடுக்க வேண்டாம். மூன்று அல்லது நான்கு தகவல்களை மட்டும் எடுத்து, சில நிலையங்களில் மறு எண்ணிக்கை செய்து, காரணம் ஒன்றைத் திருத்தி, அடுத்த காலாண்டில் அதே தகவல்களை மறுபடி எண்ணினால் போதும். நடுவில் கண்டுபிடித்த பிழைகளைத் திருத்தும்போது பழைய எண்ணை அழிக்காதீர்கள். பதிவேட்டில் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். கணினியில் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், நேரம், காரணம் ஐந்தும் சேமிக்கப்பட வேண்டும். முதலில் பதிவேடு, பிறகு கணினி என்ற வரிசை மாறக் கூடாது. கணினியில் மட்டும் திருத்தினால் அடுத்த மறு எண்ணிக்கையில் இரண்டும் மறுபடி முரண்படும். எது திருத்தப்பட்டது, எது பிழை என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது.